வாட்டர்மார்க் போட்டால் திருட மாட்டார்களா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ரூபாய் நோட்டின் வாட்டர்மார்க் (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் உருவம்) பற்றி இரண்டு வரியில் ஒரு பதில் வந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போட்டோகிராபர், கவிஞர், மளிகைக் கடைக்காரர், தபால்தலை சேர்ப்பவர் என்று பலரும் எழுதிவிட்டார்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கே: கல்யாணப் போட்டோ எடுக்கிறேன். எல்லாப் படத்திலும் வலது கீழ் மூலையில் ஸ்டூடியோ பெயர் போட்டுத்தான் ஃபேஸ்புக்கில் ஏற்றுவேன். பக்கத்து ஊர் ஸ்டூடியோ ஒன்று அந்த மூலையை வெட்டிவிட்டு என் படங்களைத் தன் விளம்பரத்தில் போட்டிருக்கிறது. படத்தின் நடுவில் பெரிதாகப் போட்டால் தப்பிக்கலாமா சார்?
– புகைப்படக் கலைஞர், பொள்ளாச்சி

ப: நடுவில் போட்டால் வெட்ட முடியாது, ஆனால் அழிக்க முடியும். 2017-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படம் விற்கும் பெரிய தளங்களில் ஒரே லோகோ ஒரே மங்கலில் ஆயிரக்கணக்கான படங்களின் மேல் இருக்கும் இல்லையா, அந்த ஒற்றுமையை வைத்தே கணினி லோகோவைத் தனியாகப் பிரித்தெடுத்து, எல்லாப் படங்களிலிருந்தும் மொத்தமாக நீக்கிவிடும் என்று அதில் காட்டினார்கள். லோகோவின் இடத்தை மாற்றி மாற்றிப் போட்டாலும் பெரிய பயன் இல்லை. படத்துக்குப் படம் அதன் வடிவத்தையே லேசாக நெளித்துப் போட்டபோதுதான், அழித்த இடத்தில் தடம் மிஞ்சியது. அது 2017 கதை. இப்போது கையில் இருக்கும் போனிலேயே விரலால் தேய்த்து எதையும் அழித்துவிடலாம்.

அதனால் படத்தின் மேல் போடும் இந்தப் பெயரை, அதாவது வாட்டர்மார்க்கைப் பூட்டு என்று நம்பி இருக்காதீர்கள். அது ஒரு சாட்சி. திருட்டை அது தடுக்காது, திருட்டு நடந்த பிறகு வந்து பேசும். அப்படிப் பேச அதற்குத் துணை வேண்டும். கேமராவிலிருந்து வந்த ரா ஃபைல்களை (மெருகேற்றாத மூல ஃபைல்களை) அழிக்காமல் வைத்திருங்கள்; வெளியிட்ட படத்துக்கு முன்னும் பின்னும் அதே நொடியில் எடுத்து, யாருக்கும் கொடுக்காத படங்கள் உங்களிடம் இருந்தால் அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. இணையத்தில் சிறிய அளவுப் படத்தை மட்டும் ஏற்றுங்கள். ஃபைலுக்குள் பெயர், ஆண்டு, தொடர்பு விவரம் எழுதும் மெட்டாடேட்டா வசதி உண்டு, அதையும் நிரப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது கழன்றுவிடும், ஆனாலும் மூல ஃபைலில் இருக்கட்டும்.

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65பி பிரிவின்படி, படைப்பாளியின் பெயர், உரிமையாளரின் விவரம் போன்ற உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதும் மாற்றுவதும் குற்றம். 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மூலையை வெட்டியது சாமர்த்தியம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அதையே தனிக் குற்றமாக நீங்கள் வாதாடலாம்.

இதில் முக்கியமான ஒரு சிக்கலும் இருக்கிறது. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதாவது கல்யாண வீட்டார்! உங்கள் ஸ்டூடியோ பெயரைப் படம் முழுக்கப் போட்டாலும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் படம் சட்டப்படி உங்களுடையது ஆகாது. அட்வான்ஸ் வாங்கும்போதே, காப்புரிமை யாருக்கு, விளம்பரத்துக்கு யார் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்த லோகோவும் செய்யாத வேலையை அந்த ஒரு தாள் செய்யும். நோட்டீஸ் அனுப்பும் முன் இதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கே: காகிதத்துக்குள் உருவம் எப்படிப் போகிறது? மை இல்லை, அச்சு இல்லை. காகித ஆலைக்குப் பயிற்சிக்குப் போகப்போகிறேன், போகும் முன் தெரிந்துகொள்ள ஆசை.
– பாலிடெக்னிக் மாணவர், கரூர்

ப: எல்லாம் கனத்தில் இருக்கும் வித்தியாசம்தான். கையால் காகிதம் செய்த காலத்தில், கம்பிச் சல்லடையைக் கூழ்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தண்ணீர் வடிந்து நார் மட்டும் தங்கும். அந்தச் சல்லடைமேல் மெல்லிய கம்பியை வளைத்து ஓர் உருவம் செய்து தைத்துவிட்டால், கம்பி இருக்கும் இடத்தில் நார் குறைவாகத் தங்கும். காய்ந்த பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊர்க்காரர்கள் 13-ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்தார்கள். இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது என்று பொதுவாகச் சொல்லப்படும் வாட்டர்மார்க் 1282-ஆம் ஆண்டுத் தாளில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர் பார்தோலுஸ், ஃபாப்ரியானோவில் ஒவ்வொரு ஆலைக்கும் தனிக்குறி உண்டு, தாளைப் பார்த்தே எந்த ஆலை என்று சொல்லலாம் என்று எழுதி, அந்தக் குறி யாருக்குச் சொந்தம் என்றும் ஆராய்ந்திருக்கிறார். இன்றைய டிரேட்மார்க் வழக்கின் அதே கேள்வி.

இயந்திரம் வந்ததும் முறை மாறியது. 1826-இல் இங்கிலாந்தில் ஜான் மார்ஷல் ‘டாண்டி ரோல்’ என்ற உருளையைக் கொண்டுவந்தார். ஓடிக்கொண்டிருக்கும் ஈரக் காகிதத்தின் மேல் அது உருளும்போது, உருளையில் துருத்திக்கொண்டிருக்கும் உருவம் நாரை விலக்கிவிடும். பெயர், லோகோ மாதிரிக் கோட்டுருவங்களுக்கு இது போதும். மனித முகத்துக்குப் போதாது. முகத்துக்கு வெளிச்சமும் நிழலும் படிப்படியாக வரவேண்டும். அதற்காக 1848-இல் வில்லியம் ஹென்றி ஸ்மித் என்பவர் கம்பி வலையையே மேடும் பள்ளமுமாக அழுத்தி வடித்தார். மேட்டில் நார் குறைந்து வெளிச்சமாகும், பள்ளத்தில் நார் சேர்ந்து இருட்டாகும். ரூபாய் நோட்டின் காந்தி முகம் இந்தக் குடும்பம்தான். ஆலையில் எந்த இயந்திரம் ஓடினாலும், ஈரப் பகுதியின் பக்கத்தில் நின்று நேரம் செலவழியுங்கள், மற்றதை எல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

கே: கடையில் 500 ரூபாய் நோட்டு கை மாறும் வேகத்தில் எதைப் பார்ப்பது? வாட்டர்மார்க்கையும் போலியாகப் போடுகிறார்கள் என்கிறார்களே?
– மளிகைக் கடை, திருநெல்வேலி

ப: போடுகிறார்கள். வெள்ளை மையால் மேலே அச்சடிப்பார்கள், அல்லது இரண்டு மெல்லிய தாளுக்கு நடுவில் உருவத்தை அச்சடித்து ஒட்டுவார்கள். நிஜ நோட்டின் காந்தி முகம் வெளிச்சத்தில் பிடித்தால்தான் முழுதாக வரும், நெற்றியிலிருந்து கன்னம் வரை நிழல் சீராக இறங்கும். பக்கத்தில் 500 என்ற எண் முகத்தைவிடப் பளிச்சென்று நிற்கும். போலியில் வெளிச்சம் இல்லாமலே முகம் தெரியும், ஓரம் கத்தரித்தது போல இருக்கும், நிழல் தட்டையாக இருக்கும். கூடவே நோட்டைச் சாய்த்துப் பாருங்கள், பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். காந்தி படத்தை விரலால் தடவினால் மேடு தட்டுப்பட வேண்டும். மூன்றும் சேர்ந்து சில நொடிதான் ஆகும். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

அந்தக் காகிதத்தை வெளியே யாரும் வாங்க முடியாது என்பதில்தான் இதன் பலமே. மத்தியப் பிரதேசத்தின் நர்மதாபுரத்திலும் (பழைய பெயர் ஹோஷங்காபாத்) நம் பக்கத்து மைசூருவிலும் இதற்கென்றே ஆலைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1697-இலேயே வங்கி நோட்டுக்கு வாட்டர்மார்க் காகிதம் வந்துவிட்டது. 1773-இல் அந்த வாட்டர்மார்க்கைப் போலி செய்தால் மரண தண்டனை என்று சட்டமே போட்டார்கள். அச்சைக் கள்ளத்தனமாகச் செய்துவிடுவான், காகிதத்தைச் செய்யமுடியாது என்று அன்றைக்கே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

கள்ள நோட்டு கைக்கு வந்துவிட்டால் அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள், தெரிந்து மாற்றுவது குற்றம். வங்கியில் கொடுத்தால் அதில் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு உங்களுக்கு ரசீது தருவார்கள். தர வேண்டும், அது ரிசர்வ் வங்கியின் விதி. காசு திரும்பாது என்பது உண்மை. ஒரே தடவையில் 4 நோட்டு வரை என்றால் மாதக் கடைசியில் மொத்தமாகக் காவல்துறைக்கு அறிக்கை போகும். 5 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே போய்விடும், எஃப்ஐஆர் பதிவாகும்.

கே: எங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய தமிழ்க் கடிதங்களும் கிரயப் பத்திரங்களும் இருக்கின்றன. ஒரு தாளில் தேதி சிதைந்துவிட்டது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் ஏதோ ஆங்கிலப் பெயரும் 1806 என்ற எண்ணும் தெரிகிறது. எழுதிய ஆண்டு அதுதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

ப: உங்கள் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெயர் பெரும்பாலும் இங்கிலாந்துக் காகித ஆலையினுடையது, எண் காகிதம் செய்த ஆண்டு. ஆண்டு ஏன் இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. காகிதத்துக்கு அங்கே வரி இருந்தது. ஏற்றுமதி செய்தால் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதற்குத் தாளில் ஆண்டுக்குறி இருக்க வேண்டும் என்று 1794-இல் சட்டம் வந்தது. 1811-இல் அந்த நிபந்தனை போய்விட்டது, பழக்கம் போகவில்லை, பல ஆலைகள் அதற்குப் பிறகும் ஆண்டு போட்டன. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இங்கே வந்து இறங்கிய காகிதத்தில் ஆண்டு இருப்பது அதனால்தான்.

ஆனால் 1806 என்று இருந்தால் 1806-இல் எழுதியது என்று அர்த்தம் இல்லை. அதற்கு முன் எழுதியிருக்க வழியில்லை என்பது மட்டும் உறுதி. காகிதம் கப்பலில் வர மாதங்கள், பிறகு கிடங்கு, பிறகு அலுவலக அலமாரி; சில ஆண்டுகள் தள்ளிக்கூட எழுதியிருக்கலாம். ஆண்டுக்குறியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. பிரான்ஸில் அரசு உத்தரவுப்படி 1742 என்று போட ஆரம்பித்த பல ஆலைகள், பல பத்தாண்டுகள் அதே 1742-ஐயே போட்டுக்கொண்டிருந்தன.

வாட்டர்மார்க்கை வைத்துத் தேதி கண்டுபிடிப்பது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஷார்ல் மொயீஸ் பிரிக்கே என்ற சுவிஸ்காரர் ஐரோப்பாவின் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து ஒவ்வொரு குறியாகக் கையால் படியெடுத்து, 1907-இல் 16,112 குறிகளை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். ஜெர்மனியில் கெர்ஹார்ட் பிக்கார்டு அதைவிடப் பல மடங்கு சேர்த்தார், அவை இப்போது இணையத்திலேயே இருக்கின்றன. இவர்கள் இப்படி உழைத்திருக்காவிட்டால் அந்தக் குறிகளைக் கண்ணால் பார்த்து ரசிப்பதோடு சரி. ஒப்பிட இன்னொன்று இருந்தால்தான் ஒரு குறி பேசும்.

எப்படிப் பேசும் என்பதற்கு இரண்டு கதை. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பழைய பதிப்புகள் சிலவற்றில் 1600, 1608, 1619 என்று வெவ்வேறு ஆண்டு அச்சாகியிருந்தது. 1908-இல் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் என்ற அறிஞர் அவற்றின் காகிதத்தைப் பார்த்தார். வெவ்வேறு ஆண்டு போட்ட புத்தகங்களில் ஒரே வாட்டர்மார்க் கொண்ட காகிதங்கள் கலந்திருந்தன. எல்லாம் 1619-இல் அச்சடித்து, பொய் ஆண்டு போட்டவை என்று தெளிவானது. இன்னொன்று, ‘மிஸாலே ஸ்பெஷாலே’ என்ற லத்தீன் வழிபாட்டு நூல். கூட்டன்பர்க் பைபிளுக்கும் முன்பே அச்சானது என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். சல்லடையில் தைத்த கம்பி நாள் ஆக ஆகத் தளர்ந்து, வளைந்து, இடம் பெயரும். அதனால் ஒரே சல்லடையின் குறிகூட மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மாறும். அந்த நெளிவு வரை ஒப்பிட்ட ஆலன் ஸ்டீவன்சன், அந்த நூல் 1473-ஐ ஒட்டி அச்சானது என்று 1960-களில் நிரூபித்தார். ஐம்பது ஆண்டுக்கும் மேலாக நடந்த சண்டை கம்பியின் நெளிவில் தீர்ந்தது.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள், இரண்டு செய்யாதீர்கள். டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை வரவழைத்து, மேலே சுத்தமான பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் போட்டு, அதன்மேல் பத்திரத்தை அழுத்தாமல் வைத்து, அறை விளக்கை அணைத்துப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலும் படத்தில் வரட்டும். குறிமேல் பேனாவோ பென்சிலோ ஓட்டிப் படியெடுக்காதீர்கள். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். பழைய ஆவணங்களை லேமினேட் செய்து பாழாக்குவதை ஊர் ஊராகப் பார்க்கிறோம், மனசு வலிக்கிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பேசிப் பாருங்கள், பத்திரமாக வைப்பது எப்படி என்றாவது கேட்டுக்கொள்ளலாம்.

கே: பழைய இந்தியத் தபால்தலைகளில் வாட்டர்மார்க் பார்ப்பது எப்படி?
– பத்தாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

ப: தபால்தலையைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், பல சமயம் அதுவே போதும். தெரியாவிட்டால் வாட்டர்மார்க் பார்ப்பதற்கென்றே விற்கும் திரவம் உண்டு. சில திரவங்கள் எளிதில் தீப்பற்றும், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். 1854-இல் அச்சான தலைகளின் தாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் ஒன்றே முழுத்தாளுக்கும் விரிந்திருக்கும், அதனால் ஒரு தலையில் அதன் துண்டு மட்டும்தான் கிடைக்கும். 1865-இலிருந்து யானைத் தலை. அப்புறம் நட்சத்திரம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தலைகளைப் பிரித்துச் சொல்வது பல நேரம் இந்தக் குறி மட்டும்தான், ஆகவே வாங்கும் முன் பின்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

கே: படம் வந்த அன்றே திருட்டுப் பிரதி வந்துவிடுகிறது. எந்த தியேட்டரில் எடுத்தார்கள் என்று தயாரிப்பாளர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?
– சினிமா ரசிகர், மதுரை

ப: படத்துக்குள்ளேயே தியேட்டரின் விலாசம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து வகுத்த டிசிஐ விதிப்படி, டிஜிட்டல் புரொஜெக்டரோடு இருக்கும் சர்வர், படம் ஓடும்போதே காட்சியிலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடாத குறியைக் கலக்கிறது. மொத்தம் 35 பிட், அதாவது 35 பூஜ்யம்-ஒன்றுகள். அதில் 16 பிட் நேரம், 19 பிட் இடம். ஒவ்வொரு 5 நிமிடப் பகுதிக்குள்ளும் இந்த முழுத் தகவலும் இருக்க வேண்டும். நேரம் 15 நிமிடத் துல்லியத்தில் பதிவாகும், அதனால் எந்த நாள் எந்தக் காட்சி என்பதுவரை தெரிந்துவிடும். கேமராவைச் சாய்த்து எடுத்தாலும், ஓரத்தை வெட்டினாலும், படத்தைச் சுருக்கினாலும் தாங்கும்படி ஒரே குறியைத் திரும்பத் திரும்பப் பல இடத்தில் பரப்பிவைக்கிறார்கள். ஃபிலிம் சுருள் காலத்திலும் பிரதிக்குப் பிரதி வேறுபடும் சின்னப் புள்ளிகளைப் போட்டு இதே வேலையைச் செய்தார்கள்.

அந்தக் குறிக்குத் தியேட்டரும் காட்சி நேரமும் தெரியும், எந்த ஸீட்டில் யார் போனைத் தூக்கினார் என்று தெரியாது. முதலில் மாட்டிக்கொள்வது தியேட்டர்காரர். அவருக்கும் அதில் பங்கு உண்டா இல்லையா என்பது போலீஸ் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம், குறி வந்துவிட்டது என்பதற்காகக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. 2023-இல் திருத்திய சினிமாட்டோகிராஃப் சட்டப்படி, தியேட்டரில் படம்பிடித்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

ஓடிடியில் வேறு உத்தி. படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வகை செய்துவைப்பார்கள், பார்க்க இரண்டும் ஒன்றுதான். எந்தச் சந்தாதாரருக்கு எந்த வரிசையில் போகிறது என்பதுதான் குறி. முப்பது துண்டுக்கே நூறு கோடிக்கு மேல் வேறு வேறு வரிசைகள் கிடைத்துவிடும்.

கே: என் கவிதைகளைப் பெயரை எடுத்துவிட்டுப் பகிர்கிறார்கள். மின்னூல் பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றுகிறது. வெறும் எழுத்துக்கு வாட்டர்மார்க் போட வழி உண்டா?
– கவிஞர், யாழ்ப்பாணம்

ப: உண்டு, அதுவும் தமிழுக்கென்றே ஒன்று. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் ‘கொ’ என்று எழுத இரண்டு வழி இருக்கிறது. ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே எழுத்தாகச் சேர்க்கலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்தாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்குள் வேறு வேறு. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதேதான். முதல் வழி என்றால் பூஜ்யம், இரண்டாவது என்றால் ஒன்று என்று வைத்துக்கொண்டால், பத்து இடத்தில் மாற்றியே 1,024 பேருக்குத் தனித்தனிப் பிரதி கொடுத்துவிடலாம். வெளியே கசிந்த பிரதி யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். அகலமே இல்லாத எழுத்துகளைச் சொற்களுக்கு நடுவில் ஒளித்துவைப்பது இன்னொரு வழி.

ஆனால் உங்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு வடிவையும் ஒன்றாக்கிவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றின் வழியாகப் போனால் குறி போச்சு. யாராவது பார்த்துத் தட்டச்சு செய்தாலும் போச்சு. அதைவிட, உங்கள் கவிதையில் ஒரு சொல்லைத் தேடும் வாசகருக்கு அது கிடைக்காமல் போகலாம். திருடனைப் பிடிக்க வாசகனைத் தண்டிப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

பாடல் வரிகளை வெளியிடும் ஜீனியஸ் என்ற அமெரிக்கத் தளம் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. ஆங்கில வரிகளில் வரும் அப்போஸ்ட்ரஃபி (it's என்பதில் வரும் குறி) என்ற குறியை ஓரிடத்தில் நேராகவும் ஓரிடத்தில் வளைவாகவும் போட்டு, சேர்த்துப் படித்தால் புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியீட்டில் ‘ரெட் ஹேண்டட்’ என்று வரும்படி, அதாவது கையும் களவுமாகப் பிடித்தோம் என்று வரும்படி வைத்தார்கள். கூகுள் தேடலில் வந்த வரிகளில் அதே குறி இருந்தது என்று 2019-இல் வழக்குப் போட்டார்கள். வரிகளைத் தானாக எடுக்கவில்லை, உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து வாங்குகிறோம் என்றது கூகுள். வழக்கு தள்ளுபடி ஆனது; 2022-இல் மேல்முறையீட்டிலும் தோல்வி, 2023-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே மறுத்தது. காரணம், பாடல் வரிகளின் காப்புரிமை ஜீனியஸுடையது அல்ல. எவ்வளவு அழகான சாட்சி, ஆனால் சொத்து அவர்களுடையது இல்லை.

உங்கள் நிலை நேர் எதிர். கவிதை உங்களுடையது, உரிமையும் உங்களுடையது, இல்லாதது தேதியோடு கூடிய ஆதாரம் மட்டும்தான். ஆகவே பகிரும் முன் உங்கள் பெயரில், தேதி தெரியும் இடத்தில் வெளியிட்டுவிடுங்கள். படமாகப் பகிர்ந்தால் பெயரைக் கடைசி வரிக்குக் கீழே போடாமல் வரிகளுக்கு நடுவே, வெட்டினால் கவிதையும் வெட்டுப்படும் இடத்தில் போடுங்கள். மின்னூல் விற்கும்போது பக்கத்தின் அடியில் வாங்கியவர் பெயரை அச்சிட்டுத் தருவது நல்ல பழக்கம். தன் பெயர் போட்ட பிரதியைக் கண்ட குழுவில் போடக் கை கூசும். ஆனால் இந்தியச் சட்டத்தை நம்பி இதைச் செய்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: முதல் பதிலில் சொன்ன 65பி பாதுகாப்பு, பயனாளியை அடையாளம் காட்டும் குறிகளுக்குக் கிடையாது, சட்டத்தின் வரையறையே அதை விலக்கிவிட்டது. உங்கள் ஊர்ச் சட்டத்தை அங்கே உள்ள வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கே: கலர் பிரிண்டரில் எடுக்கும் தாளில் ரகசியக் குறி விழுகிறதாமே? வதந்தியா?
– அரசு ஊழியர், வேலூர்

ப: வதந்தி இல்லை. பல கலர் லேசர் பிரிண்டர்கள் தாள் முழுக்க மிக நுண்ணிய மஞ்சள் புள்ளிகளைத் தெளிக்கின்றன. நீல வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் இருந்தால் பார்க்கலாம். 2005-இல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன், ஜெராக்ஸ் டாக்குகலர் பிரிண்டரின் புள்ளிகளைப் படித்து, 15-க்கு 8 கட்டத்தில் பிரிண்டரின் வரிசை எண்ணும் தேதியும் நேரமும் இருக்கிறது என்று வெளியிட்டது. கள்ள நோட்டைத் தடுக்கத்தான் ஆரம்பித்தார்கள். 2017-இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ரகசிய ஆவணம் ஒன்று பத்திரிகையில் வந்தபோது, அதன் ஸ்கேன் படத்திலிருந்த புள்ளிகளை வைத்து மே 9 காலை 6.20-க்கு அச்சிட்டது என்று வெளியாட்களே படித்துவிட்டார்கள். கசியவிட்டவரைப் பிடித்ததற்கு வேறு தடயங்களும் இருந்தன, அச்சிட்டவர்கள் பட்டியலே அலுவலகக் கணினியில் இருந்தது.

வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை என்பதுதான் எனக்குக் கோபம். தன் பெயரைத் தானே போட்டுக்கொள்வது ஒன்று, தெரியாமல் நம்மேல் போடுவது இன்னொன்று. ஊழலை வெளியே கொண்டுவர நினைக்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் வாழ்க்கைப் பிரச்சினை.

கே: ஏஐ செய்த படத்தை வாட்டர்மார்க் வைத்துக் கண்டுபிடிக்கலாமா?
– பள்ளி ஆசிரியர், திருப்பூர்

ப: இருந்தால் கண்டுபிடிக்கலாம். கூகுள் 2023-இல் கொண்டுவந்த சிந்த்ஐடி, படத்தின் புள்ளிகளிலேயே கண்ணுக்குத் தெரியாத குறியைக் கலக்கிறது. பிறகு எழுத்துக்கும் அதைக் கொண்டுவந்தார்கள், அங்கே எந்தச் சொல்லைத் தேர்வது என்ற வாய்ப்புக் கணக்கை லேசாகச் சாய்த்துக் குறி வைக்கிறார்கள். சி2பிஏ என்ற கூட்டமைப்பு இன்னொரு வழி, படம் எப்படி உருவானது, எப்படி மாறியது என்ற வரலாற்றை டிஜிட்டல் கையொப்பத்தோடு ஃபைலில் ஒட்டித் தருகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது ஒட்டிக்கொண்டு வராது. சிந்த்ஐடி மாதிரி ஏஐ குறி இருக்கிறது என்றால் ஏஐ கை பட்ட படம் என்று சொல்லுங்கள். குறி இல்லை என்பதை வைத்து நிஜப் படம் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், குறியே போடாத கருவிகள் ஏராளம்.

எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. ஸ்டெபிலிட்டி ஏஐ உருவாக்கிய சில படங்களில், படம் விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனத்தின் வாட்டர்மார்க் குலைந்த வடிவில் தானாக வந்து நின்றது. லட்சக்கணக்கான படங்களில் பார்த்துப் பார்த்து, அதையும் படத்தின் பகுதி என்றே இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. கெட்டி போட்ட வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் அதன் பெரும்பாலான வாதங்களை ஏற்கவில்லை, ஆனால் அந்த வாட்டர்மார்க் வந்த சில படங்களில் டிரேட்மார்க் மீறல் நடந்தது என்று ஒப்புக்கொண்டது.

கே: சிம் கார்டு, லாட்ஜ், வாடகை வீடு என்று எங்கே போனாலும் ஆதார் நகல் கேட்கிறார்கள். அதைத் தவறாகப் பயன்படுத்தாமல் இருக்க ஏதாவது செய்யலாமா?
– இல்லத்தரசி, சென்னை

ப: நீங்களே ஒரு வாட்டர்மார்க் போடுங்கள், பேனா போதும். நகலின் குறுக்கே, எழுத்துகளைத் தொட்டுக்கொண்டு ஆனால் படிக்க முடியாதபடி மறைக்காமல், இன்ன இடத்தில் இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் மறைத்து மறுநகல் எடுத்துவிடுவார்கள், அதனால் படத்தின் மேலும் பெயரின் மேலும் கோடு ஓடட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருந்தால் இப்படி எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், அசல் அட்டையின் படத்தை அனுப்பாதீர்கள். ஆதாரை வழங்கும் யுஐடிஏஐ அமைப்பின் தளத்தில் கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் முதலில் அதையே நீட்டிப் பாருங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், எதற்குக் கொடுத்தீர்கள் என்று வீட்டு டைரியில் ஒரு வரி எழுதிவையுங்கள். நாளைக்கு உங்கள் பெயரில் தெரியாத சிம் ஒன்று முளைத்தால், போலீஸ் நிலையத்தில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.